நண்டு கழற்றும் சட்டை

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். முதலில் இரண்டு பக்கமும் நெல் வயல்கள். ஏரி நெருங்க நெருங்க மண் உவர்த்துப்போய், நெல் குறைந்து, சீமைக்கருவேலம் கூடிக்கொண்டே வரும். நெல்லுக்கு விதைநேர்த்தி உண்டு, அடியுரம் உண்டு, மேலுரம் உண்டு, மருந்துக்கடையில் தனியாகக் கடன் நோட்டே உண்டு. அத்தனையும் செய்த பிறகும் கதிர் வரும் நேரத்தில் ஏதாவதொரு நோய் வந்து நிற்கும். சீமைக்கருவேலத்துக்கு யாரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. அது பச்சைப் பசேலென்று நிற்கிறது. ஆடுகூட அதன் காயைத் தேடித் தின்னுமே தவிர, இலையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

பிள்ளை மாதிரி வளர்க்கிற பயிர் நோஞ்சானாகவும், வெட்ட வெட்டத் தழைக்கிற களை பயில்வானாகவும் இருப்பது ஏன்?

பாதிக் காரணம் நாம்தான். பல ஆயிரம் வருஷமாக நாம் கசப்பு குறைந்ததை, காறல் இல்லாததை, மணி பெருத்ததைப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்து வந்திருக்கிறோம். நம் நாக்குக்குக் கசப்பாகவும் காறலாகவும் தெரிவது செடிக்கு ஆயுதம். ஓட முடியாத உயிருக்கு வேறு வழி கிடையாது. புழு கடித்தால் தட்டிவிடக் கையில்லை, பூஞ்சை படர்ந்தால் சொறிந்துகொள்ள நகமில்லை. அதனால் செடி தன் உடம்பையே ஒரு மருந்துக்கடையாக வைத்திருக்கிறது. வளர்வதற்கும் விதைப்பதற்கும் நேரடியாகத் தேவைப்படாத இந்தச் சரக்குகளைத் தற்காப்பு வேதிப்பொருள்கள் என்று சொல்லலாம். நாம் ருசி பார்த்து விதை பொறுக்கியபோது பயிர்களின் கடையிலிருந்து இந்தச் சரக்கில் பெரும்பகுதி காலியாகிவிட்டது. களையின் கடையில் அது அப்படியே இருக்கிறது.

அந்தக் கடை எவ்வளவு சாமர்த்தியமாக நடக்கிறது என்று பார்க்க ஆய்வகம் போக வேண்டியதில்லை, ஒரு பல் பூண்டு போதும். உரிக்காத பூண்டை மூக்கருகே வையுங்கள், பெரிதாக வாசம் இருக்காது. நசுக்கினால் வீடே மணக்கும். அந்த நெடி பூண்டுக்குள் முன்பே இருந்ததல்ல. ஓர் அறையில் அல்லீன் என்ற சாதுவான பொருள், பக்கத்து அறையில் அதை உடைக்கும் நொதி. பல் பட்டுச் சுவர் இடிந்தால்தான் இரண்டும் சேரும். சேர்ந்த நொடியில் அல்லிசின் பிறக்கும். கிருமிகளையும் பூஞ்சைகளையும் தாக்கும் இந்த அல்லிசினை அமெரிக்காவில் கவல்லிட்டோவும் பெய்லியும் 1944-இல் பிரித்தெடுத்தார்கள். வெடிமருந்தை ஓரிடத்திலும் திரியை வேறிடத்திலும் வைத்திருக்கிற புத்தி அது. எப்போதும் கையில் வைத்திருந்தால் தன் விரலே போய்விடும் அல்லவா.

செடிச்சாற்றைப் பயிருக்கு மருந்தாகத் தெளிப்பது என்பது, ஒரு செடியின் கடையிலிருந்து இன்னொரு செடிக்குக் கைமாற்று வாங்குவதுதான். இங்கே சீமைக்கருவேலம் மறுபடி வருகிறது. நெல்லின் இலையுறை அழுகல் நோய்க்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரைகளில் வேப்பெண்ணெய் 3 சதவீதம், வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: சீமைக்கருவேல இலைப்பொடிச் சாறு அல்லது நெய்வேலிக் காட்டாமணக்கு இலைப்பொடிச் சாறு, எக்டேருக்கு 25 கிலோ பொடிக் கணக்கு. ஊரே வேரோடு பிடுங்கி எறியச் சொல்லும் இரண்டு களைகள் நெல்லுக்கு வைத்தியம் பார்க்கின்றன.

நோயை அருகில் வைத்துப் பார்ப்போம். நெற்கதிர் வெளிவரும் முன் ஓர் இலையுறைக்குள் சுருண்டிருக்கும், அதைப் பொதி என்பார்கள். பொதியின் உச்சியில் நிற்பது கண்ணாடி இலை. இந்த உறையின் மேல் நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்று ஒழுங்கற்ற புள்ளிகள் விழுந்து ஒன்றோடொன்று சேரும். கதிர் பாதி வந்து நின்றுவிடும், சில சமயம் வராமலே உள்ளே அழுகும். உறையை நகத்தால் கீறிப் பிரித்தால் உட்புறம் வெள்ளை மாவு தூவியதுபோல் இருக்கும். அந்த மாவுதான் சாரோகிளாடியம் என்ற பூஞ்சை. வந்த கதிரிலும் மணி பிடிக்காது, தூற்றினால் பதராகப் பறக்கும். பொதி உருளும் சமயத்தில் ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று என்று இரண்டு முறை தெளிக்கச் சொல்வது இதனால்தான். அழுகிய பிறகு தெளித்தால் அழுகியது திரும்பாது. செடிச்சாறுகளில் பெரும்பாலானவை வருமுன் காப்பவை. வந்தபின் விரட்டும் வல்லமை அவற்றுக்குக் குறைவு, விற்கிறவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

சாறு பூஞ்சையைத் தடுக்கிறது என்று எப்படித் தெரியும்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரையும், நம் வீடுகளில் இனிப்புக்குப் போடும் சைனா கிராஸும் கலந்து காய்ச்சித் தட்டில் ஊற்றினால் கெட்டியாகிவிடும். சைனா கிராஸ் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர்தான். பூஞ்சைக்கு இது கல்யாண விருந்து. ஒரு தட்டில் வெறும் விருந்து, இன்னொரு தட்டில் செடிச்சாறு கலந்த விருந்து. இரண்டின் நடுவிலும் பொட்டு அளவு பூஞ்சையை வைத்து மூடி, தினமும் அது எத்தனை மில்லிமீட்டர் படர்கிறது என்று அளப்பார்கள். இதற்கு நஞ்சூட்டிய உணவு முறை என்று பெயர். சாறு கலந்த தட்டில் பூஞ்சை சிறுத்தே இருந்தால் சாற்றில் ஏதோ இருக்கிறது. சீமைக்கருவேல இலையில் அந்த ‘ஏதோ’, ஜூலிப்ரோசோபின் முதலான ஆல்கலாய்டுகள். காப்பியின் காஃபினும் புகையிலையின் நிக்கோடினும் இந்த ஆல்கலாய்டு ஜாதிதான்.

ஆனால் தட்டில் ஜெயித்தது வயலில் ஜெயிக்கும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. தட்டில் மழை பெய்யாது, வெயில் அடிக்காது. அதனால் வயலைப் பல பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த மருந்து என்று சீட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றையும் நாலைந்து முறை திரும்பச் செய்து பார்க்கிறார்கள். சில பாத்திகளுக்கு வெறும் தண்ணீரைத் தெளிப்பார்கள். இது வீண் வேலை போலத் தோன்றும், உண்மையில் பரிசோதனையின் உயிர் அந்தத் தண்ணீர்ப் பாத்தியில்தான் இருக்கிறது. மேகமூட்டம் விலகினால் பல பூஞ்சை நோய்கள் தாமாகவே குறையும். அந்த வாரம் நீங்கள் எதைத் தெளித்திருந்தாலும், மோரானாலும் மந்திரித்த தண்ணீரானாலும், பேர் அதற்குத்தான் போகும். தண்ணீர்ப் பாத்தியிலும் நோய் அதே அளவு குறைந்திருந்தால் மருந்துக்கு ஒரு பெருமையும் இல்லை. ‘எங்கள் தோட்டத்தில் தெளித்தோம், நோய் போய்விட்டது’ என்று சத்தியம் செய்கிறவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்ப் பாத்தி எங்கே என்று மட்டும் கேட்பேன்.

பூஞ்சைக்காவது ஒரு வழி இருக்கிறது. வைரஸ் நோய்க்கு? மணற்பாங்கான நிலத்து வேர்க்கடலையில் மொட்டுக் கருகல் என்று ஒன்று வரும். நுனிக்குருத்து கருகிச் செடி குட்டையாக நின்றுவிடும். இதை உண்டாக்கும் வைரஸைத் தூக்கிக்கொண்டு வருவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இலைப்பேன். வைரஸைக் கொல்ல மருந்துக்கடையில் ஒன்றும் கிடையாது. இதற்குப் பல்கலைக்கழகம் சொல்லும் வழிகளில் ஒன்று வியப்பானது: தென்னை ஓலைச் சாறு, அல்லது சோள இலைச் சாறு. காய்ந்த ஓலைப்பொடி 1 கிலோவுக்கு 2 லிட்டர் தண்ணீர் விட்டு, 60 டிகிரிச் சூட்டில் 1 மணி நேரம் வைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, விதைத்த 10-ஆம் நாளும் 20-ஆம் நாளும் தெளிக்க வேண்டும். 60 டிகிரி என்றால் கொதிக்கக் கூடாது. விரல் வைத்தால் சுரீரென்று உடனே எடுத்துவிடும் சூடு.

வைரஸ் கண்ணுக்குத் தெரியாது, சைனா கிராஸ் தட்டில் வளராது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். பிறகு ஓலைச்சாறு வேலை செய்கிறதா என்று எப்படி அளப்பது? இங்கேதான் 1929-இல் பிரான்சிஸ் ஹோம்ஸ் கண்ட வழி கைகொடுக்கிறது. சில செடிகளின் இலையில் வைரஸைத் தேய்த்தால் அது உடம்பெங்கும் பரவாது. புகுந்த இடத்தைச் சுற்றியிருக்கும் செல்கள் தாமே செத்து மதில் எழுப்பிவிடும். ஆக, நுழைந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி. புள்ளியை எண்ணினால் வைரஸை எண்ணியதுபோல. ஹோம்ஸ் புகையிலை இனத்துச் செடியில் செய்தார், வேர்க்கடலை வைரஸுக்கு நம்மூர்க் காராமணி இலை அந்த வேலையைச் செய்கிறது. ஒரே இலையின் இடது பாதியில் வெறும் வைரஸ், வலது பாதியில் சாறும் வைரஸும். நரம்புதான் எல்லைக்கோடு. ஒரே இலை, ஒரே வயது, ஒரே வெயில். நாலைந்து நாள் கழித்து விரல்விட்டு எண்ணலாம். உதாரணத்துக்கு இடது பக்கம் 40 புள்ளியும் வலது பக்கம் 8-ம் இருந்தால், சாறு ஏதோ செய்திருக்கிறது.

ஆனால் என்ன செய்தது? வைரஸின் கையைக் கட்டியதா, செடியை எழுப்பிவிட்டதா? இதைப் பிரித்தறிய ஒரு சின்னத் தந்திரம் போதும். சாற்றைக் கீழ் இலையில் தடவி, வைரஸை மேல் இலையில் தேய்க்க வேண்டும். இரண்டும் சந்திக்கவே இல்லை. அப்படியும் மேல் இலையில் புள்ளி குறைந்தால் சாறு வைரஸைத் தொட்டிருக்க முடியாது, செடிதான் தகவல் பெற்றுத் தயாராகியிருக்கிறது. லக்னோ பல்கலைக்கழகத்தில் எச்.என். வர்மாவின் குழு மூக்கிரட்டை வேர்ச்சாற்றை வைத்து இப்படிப்பட்ட சோதனைகளைச் செய்து, அதிலுள்ள ஒரு புரதம் செடியின் சொந்த எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று காட்டியது. தூண்டிய எதிர்ப்பாற்றல் என்று இதைச் சொல்லலாம். தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தான் என்று சத்தம் கேட்டால் மற்ற வீடுகளில் தாழ்ப்பாள் விழுவதைப் போல. நாம் தெளிப்பது திருடனை அல்ல, சத்தத்தை.

இனி வேம்பு. இதற்குப் பழவேற்காட்டின் நண்டுக் கொட்டகைக்குள் போக வேண்டும்.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியில் பிடிக்கும் சேற்று நண்டை வியாபாரி அப்படியே எடைபோட மாட்டார். கயிற்றால் கட்டிய நண்டைத் திருப்பிப்போட்டு, கால் இடுக்கின் அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார். உள்வாங்கினால் ஓரமாக எறிவார். “இது வேணாம்பா. சட்ட கழட்டி கொஞ்ச நாளுதான் ஆவுது, உள்ள வெறும் தண்ணி.” அப்படி ஒதுக்கிய நண்டுகளைத் தடுப்புக்குள் விட்டுத் தீனிபோட்டுச் சதை ஏற்றி விற்பதும் இங்கே ஒரு தொழில்.

நண்டின் எலும்பு வெளியே இருக்கிறது. ஓடு வளராது, உள்ளிருக்கும் உடம்பு வளரும். சின்ன வயதில் தைத்த சட்டை இறுகிப்போனால் என்ன செய்வோம்? நண்டும் அதைத்தான் செய்கிறது. ஓட்டின் பின்பக்கம் பிளந்து, பின்னோக்கி நெளிந்து, கண் காம்பு முதல் கால் நுனிவரை உருவிக்கொண்டு வெளியே வரும். உடனே தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதப் பெரிதாக்கிக்கொள்ளும், புதுச் சட்டை அந்த அளவுக்கு இறுகும். தண்ணீர் இருந்த இடத்தில் சதை பிடிக்க வாரக்கணக்காகும். இறாலும் இப்படித்தான். வயலில் புழுவும் இலைப்பேனும் தத்துப்பூச்சியும் இப்படித்தான். பூச்சியும் நண்டும் பங்காளிகள், கணுக்காலிகள் என்ற ஒரே வம்சம்.

சட்டையை எப்போது கழற்ற வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? நூறு வருஷத்துக்கு முன் போலந்தில் ஸ்டெஃபான் கோபெச் ஒரு கம்பளிப்புழுவின் இடுப்பை நூலால் இறுகக் கட்டினார். முன்பாதி கூட்டுப்புழுவாக மாறியது, பின்பாதி புழுவாகவே கிடந்தது. தலைப்பக்கத்திலிருந்து ஏதோ சேதி இரத்தத்தில் கலந்து போகிறது, நூல் அதை மறித்துவிட்டது. அந்தச் சேதிக்காரனைப் பிடிக்க வெகுகாலமானது. 1954-இல் ஜெர்மனியில் புட்டனாண்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக்கூட்டுப்புழுவை அரைத்து 25 மில்லிகிராம் எடுத்தார்கள். எக்டைசோன் என்று பெயர். தோலுரிப்பு இயக்குநீர் என்று தமிழில் சொல்லலாம், நான் சட்டைச்சேதி என்றே மனத்துக்குள் வைத்திருக்கிறேன். 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாம்ப்ஷயரும் ஹார்னும் 1 டன் சிங்கிறால் கழிவிலிருந்து 2 மில்லிகிராம் எடுத்தது இதன் உடன்பிறப்பு. பிறகு பார்த்தால் பூச்சியின் உடம்பில் நேரடியாக வேலை செய்வதும் அதே பொருள்தான். வயலிலும் ஏரியிலும் ஒரே சேதி, ஒரே மொழி.

வேம்பு கைவைப்பது இந்தச் சேதியில். முதலில் தெரிந்தது வேறு குணம். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லா மரத்தையும் மொட்டையடித்துப் போனபோது வேம்பு மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மானியர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். 1962-இல் டெல்லியில் வெட்டுக்கிளி இறங்கியபோது இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். பிரதான் குழு 0.1 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்தது. வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது, கடிக்கவில்லை. அந்தக் கசப்புக்குக் காரணமான அசாடிராக்டின் 1968-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அதை ஆய்வகத்தில் செயற்கையாகக் கட்ட முயன்ற கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 வருஷம் பிடித்தது, முடித்தது 2007-இல். வேப்பமரம் அதைச் சத்தமில்லாமல் ஒவ்வொரு கோடையிலும் செய்துகொண்டிருக்கிறது.

கசப்பைப் பொறுத்துக்கொண்டு கடித்த பூச்சிக்கு இரண்டாவது அடி. மூளையிலிருந்து சட்டைச்சேதி கிளம்பும் வழியை அசாடிராக்டின் குழப்பிவிடுகிறது. நேரம் தப்பிய பூச்சி பழைய சட்டைக்குள் பாதி மாட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும். தெளித்த மறுநாள் காலை போய்ப் பார்த்து ‘ஒண்ணும் சாகலையே’ என்று ஏமாறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேம்பு சம்மட்டி அல்ல. அடுத்த சட்டை மாற்றும் நாள்வரை பொறுக்க வேண்டும். மனிதனுக்கும் மாட்டுக்கும் தோலுரிப்பு கிடையாது, எக்டைசோன் சேதியும் கிடையாது. நமக்கு அது பெரிதாக உறைக்காததற்கு முக்கியக் காரணம் அது.

இது நோய்க் கதையிலும் வந்து சேர்கிறது. நெல்லின் துங்ரோ வைரஸைப் பச்சைத் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போதே ஏற்றிவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் ஆர்.சி. சக்சேனா குழு, வேம்பு பட்ட நாற்றில் தத்துப்பூச்சி உறிஞ்சும் நேரம் குறைவதையும், அதனால் துங்ரோ தொற்றுவது குறைவதையும் காட்டியது. வைரஸைத் தொடவே இல்லை, அது ஏறிவரும் வண்டியை நிறுத்தியாயிற்று.

ஒரு சந்தேகம் எழலாம். அசாடிராக்டின்தான் சரக்கு என்றால் அதை மட்டும் பிரித்துத் தெளித்தால் என்ன? கனடாவில் ஃபெங்கும் இஸ்மனும் இதைச் சோதித்து 1995-இல் எழுதினார்கள். அசுவினிப் பூச்சியின் 40 தலைமுறைகளுக்குச் சுத்த அசாடிராக்டினைக் கொடுத்தார்கள், இன்னொரு கூட்டத்துக்கு அதே அளவு அசாடிராக்டின் அடங்கிய வேப்பங்கொட்டைச் சாறு. முதல் கூட்டம் 9 மடங்கு தாங்கப் பழகிவிட்டது. சாறு குடித்த கூட்டம் பழகவே இல்லை. ஒரே பூட்டென்றால் திருடன் நாளடைவில் சாவி செய்துவிடுவான். வேப்பங்கொட்டையில் தொங்குவது கொத்துப் பூட்டு. இந்த இடத்தில் கிராமத்து உரல் ஆய்வகத்துக் குடுவையை ஜெயிக்கிறது. தோற்கும் இடமும் உண்டு: குடுவையில் வருவது எப்போதும் ஒரே அளவு, உரலில் வருவது மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் மாறும்.

வேப்பெண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும் என்பதற்கே ஒருமுறை காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் கேட்ட காப்புரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் கொடுத்தது. வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடி 2000-இல் அது ரத்தானது, மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம் என்ற வாதத்தோடு, விண்ணப்பத்துக்கு முன்பே இந்தியாவில் நடந்த வயல் சோதனைகளைப் பற்றிய சாட்சியமும் அங்கே வைக்கப்பட்டது. கைவைத்தியத்தை எழுதி வைப்பதன் அருமை அப்படிப்பட்ட இடத்தில்தான் தெரியும்.

இப்போது ஏரியைத் திரும்பிப் பாருங்கள். ஆரணியாறு பொன்னேரி வயல்களைத் தொட்டுக்கொண்டு வந்து இந்த ஏரியில் கலக்கிறது. வயலில் தெளித்ததில் ஒரு பங்கு வடிகாலில் இறங்கும். வடிகால் முடிகிற இடத்தில் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் நாலு நாளைக்கொரு தரம் சட்டை மாற்றிக்கொண்டிருக்கின்றன, அதே சேதியைக் கேட்டு. முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் மாதங்களில் உள்ளே வந்தது சுலபமாக வெளியேறாது. ‘இயற்கை மருந்து, ஒன்றும் செய்யாது’ என்பதை இந்தக் கரையில் நின்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அசாடிராக்டின் கலந்த மருந்துகளின் அமெரிக்கப் பெட்டிச் சீட்டில், மீனுக்கும் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கும் நஞ்சு, நீர்நிலையில் தெளிக்காதே என்று அச்சடித்திருக்கிறது.

மீனவர்களுக்கு இது புதிதுமல்ல. செடியை நசுக்கித் தண்ணீரில் கலக்கி மீனை மயக்கிப் பிடிக்கும் வித்தை உலகத்தில் பல கரைகளில் உண்டு. மலாயாவில் அதற்கு உதவிய தூபா வேரைத்தான் அங்கிருந்த சீனத் தோட்டக்காரர்கள் காய்கறிப் பூச்சிக்குத் தெளித்தார்கள். அதிலுள்ள ரோட்டெனோன் செல்லுக்குள் மூச்சு எரியும் அடுப்பையே அணைக்கும். வெகுகாலம் இயற்கை விவசாயத்தின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 2000-இல் எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தபோது நடுக்குவாதம் போன்ற அறிகுறிகள் தோன்றின. அதன்பிறகு அதன் மவுசு இறங்கிவிட்டது. வேரிலிருந்து வந்ததா உலையிலிருந்து வந்ததா என்று மூலக்கூறு பார்ப்பதில்லை.

வேம்பைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. ரோட்டெனோனோடு ஒப்பிட்டால் அது பசு. அசாடிராக்டின் வெயில் பட்டால் சில நாளில் சிதையும், காரத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். அதுவே அதன் பலவீனம், அதுவே ஏரிக்குப் பாதுகாப்பு. வெயிலில் சிதைவதால்தான் மாலை மூன்றரைக்கு மேல் தெளிக்கச் சொல்கிறார்கள். கொட்டை சேகரித்து 3 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், 8, 10 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் சரக்கு குறைவு. 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் காடாத் துணியில் பிழிந்தால் பால்போல் வரும். அதை 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டச் சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே தெளித்துவிட வேண்டும். மறுநாளைக்கு எடுத்துவைத்தால் புளித்த மோருக்கு உள்ள மதிப்புகூட அதற்கு இல்லை.

தெளித்து முடித்ததும் தெளிப்பானைக் கழுவ வாய்க்காலில் இறங்காதீர்கள். மிச்சத்தையும் கழுவிய தண்ணீரையும் வரப்பு மேட்டிலேயே, வடிகாலுக்கு எட்டாத மண்ணில் ஊற்றுங்கள். கீழே ஏரியில் நண்டுகள் சட்டை மாற்றிக்கொண்டிருக்கின்றன.